எம்.எட். படிவமும் கயிற்றுப் பாடமும்

கண்ணு, போனை அந்தப் பக்கம் வைத்துவிட்டு உட்கார். இது வாட்ஸ்அப்பில் அனுப்புகிற சமாசாரம் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாய்மேல் விரல் வைத்து உட்கார வைத்தவள் நான். உன்னை மட்டும் ஒரு தடவைகூட அப்படி உட்கார வைக்க முடிந்ததில்லை. நேரில் ஆரம்பித்தால் நாலாவது வாக்கியத்தில் "சரி விடும்மா" என்பாய். நானும் கோபத்தில் வேறு எதையாவது பேசிவிட்டு, சொல்ல வந்ததைக் கோட்டை விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, ரிட்டையர் ஆகி மூணு வருஷம் கழிச்சும் பாடக்குறிப்பு எழுதறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ மேடவாக்கத்திலிருந்து வந்து, கையில் தட்டை வைத்துக்கொண்டு, ரேஷன் கார்டில் விலாசம் மாற்றுவதைப் பற்றிச் சொல்வதுபோல, "அம்மா, நீ சொன்ன மாதிரி இங்கேயே எம்.எட். சேர்ந்துடறேன். அந்த யுனிவர்சிட்டி சீட் வேணாம்னு வெள்ளிக்கிழமைக்குள்ள மெயில் போட்டுடறேன்" என்றாய். நாலு மாதமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. எனக்கு வாயெல்லாம் பல்லாக இருந்திருக்க வேண்டும். ஆனால் உன் முகத்தைப் பார்த்தபோது சாதம் உள்ளே இறங்கவில்லை. "கிடைச்ச சீட்டை ஏன்டா விடறே?" என்று அப்பாதான் கேட்டார். இன்டர்வியூவில் நடந்ததை அப்போதுதான் சொன்னாய். நீ எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்திருந்த பேராசிரியை, "இது உங்க அம்மா எடுத்த பாடம், ரொம்ப நல்லா இருக்கு. நீங்களே யோசிச்சு உருவாக்கின பாடம் ஒண்ணு சொல்லுங்க" என்றாராம். "அப்படி ஒண்ணும் இல்லை மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தாயாம். "அங்க வர்றவங்க எல்லாம் சொந்தமா எதையாவது செஞ்சவங்கம்மா. நான் உன்னைப் பார்த்து காப்பி அடிக்கிறவ. எப்படியோ சீட் குடுத்துட்டாங்க. எனக்கு எதுக்கு அந்தப் படிப்பு?" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டாய். நானும் ஊற்றினேன்.

நீ கிளம்பிப் போன பிறகு பார்த்தால் சோபாவில் உன் ஃபைல் கிடந்தது. திறந்தேன். தப்புதான். உன் டைரியை நான் ஒருநாளும் தொட்டதில்லை, ஆனால் ஃபைல் என்றால் டீச்சர் கை சும்மா இருக்காது. உன் கட்டுரை உள்ளே இருந்தது. இரண்டாவது பக்கத்தில், ஒரே நீளக் கயிற்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, தரையில் மனை போடச் சொல்லி, யார் மனை பெரிது என்று கேட்கிற பாடத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அம்மாவின் அந்த ஒரு பாடம்தான் என்னை ஆசிரியராக்கியது என்று முடித்திருந்தாய். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்தப் பாடத்தைப் பற்றிப் பத்தொன்பது வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேராக அதற்குப் போக இன்னும் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்.

நாலு மாதத்துக்கு முன் முடிச்சூர் வீட்டில் இதே மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, எட்டு வருஷம் பாடம் நடத்திய ஒரு டீச்சருக்கு மேலே படிக்க என்னென்ன வழி இருக்கிறது என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தாய். எம்.எட். என்றால் இரண்டு வருஷம், பி.எட். முடித்திருக்க வேண்டும், பிறகு பி.எட். கல்லூரிகளில் வேலைக்கு முயற்சி செய்யலாம். எம்.ஏ. கல்வியியல் என்றால் தபாலிலேயே படிக்கலாம், சனி ஞாயிறு வகுப்புக்குப் போனால் போதும், வேலையை விட வேண்டாம். மூன்றாவது, வேறு ஊரில் ஒரு பல்கலைக்கழகம், கரிக்குலம் என்கிற கலைத்திட்டமும் கற்பித்தலும் என்று அதற்கென்றே ஒரு முதுகலை, இரண்டு வருஷம் விடுதியில் தங்கி முழு நேரமும் படிக்க வேண்டும், நடுநடுவே பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் எழுதி நடத்திப் பார்க்க வேண்டும். அதையே வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கிறவர்களும் உண்டு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படிக்கிறவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே பிஎச்.டி. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "முடிச்சா என்ன வேலை?" கல்யாணத் தரகர்கூட மாப்பிள்ளை வீட்டில் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்.

மூன்றாவதைச் சொன்னபோது உன் குரலே மாறியது. கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். "புத்தகம் வருது, நடத்தறோம். இந்தப் பாடம் ஏன் இந்த வகுப்புல இருக்கு, இதுக்கு முன்னாடி எது வரணும், நம்ம முன்னாடி உட்கார்ந்திருக்கற புள்ளைக்கு இது எந்த வழியில போய்ச் சேரும்னு யாராவது யோசிக்கணும்ல? எனக்கு அந்த வேலை பண்ணணும்மா" என்றாய். "அதுக்கெல்லாம் ஆபீசும் அதிகாரிங்களும் இருக்காங்க" என்று வாயை அடைத்தேன். மாப்பிள்ளையும் அன்று உன்னோடு வந்திருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது, நீ விடுதிக்குப் போய்விட்டால் அவர் நாவலூர் ஆபீசுக்கும் வீட்டுக்கும் தனியாக அல்லாடுவாரே என்று இழுத்தேன். "அத்தை, எனக்கு நல்லா சமைக்க வரும். உங்க பொண்ணுக்குத்தான் வராது" என்று அவர் சிரித்தார். அப்பா வேறு, "கல்யாணமான புதுசுல ரயில்வேயில என்னை அரக்கோணத்துல போட்டாங்க. ரெண்டு வருஷம் அங்கேதான் இருந்தேன். நீ என்ன, அழுதுகிட்டா இருந்தே?" என்று கேட்டார். அழுதுகொண்டுதான் இருந்தேன். அவருக்கு இன்றைக்கு வரை தெரியாது.

அடுத்த வாரமே, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தாம்பரத்துக்குப் போய் பஸ் மாறி, எம்.எட். கல்லூரியில் படிவம் வாங்கி, உன் பெயர், பிறந்த தேதி, பி.எட். மதிப்பெண் எல்லாம் என் கையாலேயே நிரப்பினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து உன்னிடம் நீட்டினேன். முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு இது நடக்கிறது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. காலனியில் நாலு பேரிடம் "பொண்ணு எம்.எட். சேரப் போறா" என்று சொல்லியும் ஆயிற்று. நீ சண்டை போடவில்லை. படிவத்தை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அந்த மூன்றாவதற்கும் விண்ணப்பித்தாய். அழுத்தக்காரி. அது என்னிடமிருந்து வந்தது என்று மட்டும் உரிமை கொண்டாடிக்கொள்கிறேன்.

ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்று இந்த மூன்று நாளாக யோசித்தேன். பட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது என் பட்டம்தான். வேலையில் சேர்ந்து ஆறாவது வருஷம் தபாலில் எம்.ஏ. வரலாறு படித்தேன். கணக்கு நடத்துகிற டீச்சருக்கு வரலாறு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பள்ளியில் எல்லோருமே வரலாறுதான் படித்தோம், ஏனென்றால் அதில் பாஸாவது சுலபம் என்று எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஊக்க ஊதியம் வரும், பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து கூடும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கைடு வாங்கி, மின்சார ரயிலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். அந்தப் பட்டத்தால் என் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக்கூட ஒரு கணக்கு கூடுதலாகப் புரியவில்லை. ஆசிரியர் பயிற்சியில் கலைத்திட்டம் என்றால் என்ன என்று ஐந்து மார்க் கேள்வி ஒன்று வரும். விடையை இன்றைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன், ஆனால் பரீட்சை எழுதிய பிறகு அந்த வார்த்தையை ஒருமுறைகூட நான் பயன்படுத்தியதில்லை. நீ அதைப் படிக்க இரண்டு வருஷம் போகிறேன் என்றபோது, அந்த ஐந்து மார்க் கேள்விக்காகவா போகிறாய் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதுவும் உன் வேலையைக் கண்ணால் பார்த்த பிறகு தோன்றியது, பார். போன வருஷம் உங்கள் பள்ளிக் கண்காட்சிக்கு வந்திருந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அவரவர் அபார்ட்மென்டுக்கு ஒரு வாரத்தில் எத்தனை தண்ணீர் லாரி வருகிறது, ஒரு லாரிக்கு எத்தனை குடம், ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். புத்தகத்தில் கொள்ளளவு என்று இருப்பதை நீ மேடவாக்கத்துத் தெருவில் கொண்டு போய் நிறுத்தியிருந்தாய். ஒரு குடியிருப்பின் செயலாளர், "எங்க பில்டிங் தண்ணி விஷயம் ஸ்கூலுக்கு எதுக்கு?" என்று சண்டைக்கு வந்ததையும், நீ அவரையே வகுப்புக்குக் கூப்பிட்டுப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்ததையும் உன்னோடு வேலை பார்க்கிற டீச்சர் சொன்னார். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் என் கையைப் பிடித்து இழுத்து, "ஆன்ட்டி, எங்க ஃப்ளாட்ல குழாயை மூடாம பல்லு தேய்க்கறது எங்க அப்பாதான். நான் கண்டுபிடிச்சேன்" என்று ரகசியமாகச் சொன்னாள். வீட்டுக்கு வரும் வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். உன்னிடம் என்ன சொன்னேன்? "சார்ட்ல எழுத்து ரொம்ப சின்னதா இருக்கு." அதைத்தான் சொன்னேன். பெருமையை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று நினைக்கிற ரகம் நான். இப்போது சொல்கிறேன், அன்றைக்கு என் நெஞ்சு நிறைந்து போயிருந்தது. நான் இத்தனை வருஷம் செய்ததெல்லாம் உன் ஒரு சுவருக்கு ஈடாகாது என்று நினைத்தேன். அந்த டீச்சர் உன்னைப் பாராட்டியபோது நீ, "எல்லாம் எங்க அம்மாவோட கயிறு பாடம்தான் மிஸ், கயிறுக்கு பதிலா லாரி" என்றாய். அது காதில் விழுந்ததும் நான் அடுத்த சார்ட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

சரி, இனி சுற்ற இடமில்லை. எங்கள் பள்ளியில் திங்கட்கிழமை காலை அந்த வாரத்துக்கான பாடக்குறிப்பு நோட்டு எச்.எம். மேடத்தின் மேஜையில் இருக்க வேண்டும். புத்தகம் மாறாதவரை பாடமும் மாறாது என்பதால், போன வருஷ நோட்டைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றி எழுதுவோம். எல்லா டீச்சரும் அதையேதான் செய்தோம். துணைக்கருவி என்ற தலைப்பின் கீழ் 'படம், மாதிரி' என்று வருஷா வருஷம் எழுதுவோம். பள்ளியில் இருந்த ஒரே படம் மனித இதயம், அது கணக்குக்கு உதவாது. மேடமும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். உன் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால், நீ ஆறாவது போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய நோட்டையும் புது நோட்டையும் உன்னிடம் கொடுத்துவிட்டு நான் துணி மடிக்கப் போவேன். டீச்சர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்படி அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள்தான், அதனால் எனக்கு அது தப்பாகவே படவில்லை.

நீ ஏழாவது படித்த வருஷம் நம் வீட்டுக்கு எதிரே இருந்த வயலை மனை போட்டார்கள். சுண்ணாம்புப் பொடியும் கயிறுமாக ஆட்கள் வந்து அளந்துகொண்டே இருந்தார்கள். நீ மொட்டை மாடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஒருநாள் கீழே இறங்கி வந்து, "அம்மா, அதே கயிறைத்தான் சுத்திக் கட்டறாங்க. ஆனா நீளமா இருக்கற மனை மட்டும் ஏன் சின்னதா தெரியுது?" என்று கேட்டாய். "போய் வேலையைப் பாரு" என்றேன். கணக்கு டீச்சர் சொன்ன பதில் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு எழுதக் கொடுத்தது சுற்றளவு, பரப்பளவுப் பாடம். பழைய நோட்டில் இருந்ததை விட்டுவிட்டு நீயாக எழுதியிருந்தாய்: 'எல்லாருக்கும் ஒரே நீளக் கயிறு தர வேண்டும். தரையில் மனை போடச் சொல்ல வேண்டும். யார் மனை பெரியது என்று கட்டங்களை எண்ணச் சொல்ல வேண்டும். சூத்திரம் அப்புறம்தான்.' கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

எனக்கு வந்ததே கோபம். மறுநாள் காலை நோட்டு மேடத்திடம் போக வேண்டும். "இருக்கறதைப் பார்த்து எழுதுன்னா எழுதணும். உன்னை யாரு யோசிக்கச் சொன்னா?" என்று கத்தினேன். பக்கத்தைக் கிழித்து, பழையபடி எழுத வைத்தேன். நீ அழுதுகொண்டே எழுதினாய். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாய் என்பது உனக்கு மறந்து போயிருக்கும், வாரா வாரம் பத்துப் பக்கம் எழுதிய பிள்ளை நீ. திட்டு வாங்கியது ஒருவேளை ஞாபகம் இருக்கலாம். கிழித்த தாளின் பின்பக்கம் காலியாக இருந்ததால், கணக்குப் போட்டுப் பார்க்க ஆகும் என்று அதை மடித்து என் கணக்குப் புத்தகத்தில் செருகினேன். உன் எழுத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற நினைப்பு துளியும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரமே வியாழக்கிழமை பள்ளி ஆய்வு வந்தது. எந்தப் பாடத்தை அதிகாரி முன்னால் நடத்துவது என்று முடிவு செய்து, அதே பிள்ளைகளுக்கு அதே பாடத்தை முந்தின மூன்று நாளும் நடத்திவிடுவது எங்கள் வழக்கம். எந்தக் கேள்விக்கு யார் எழுந்திருப்பது என்பது வரை பேசி வைத்திருப்போம். நான் கோணங்கள் நடத்தினேன். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஐந்தே நிமிஷத்தில் கையைத் தூக்கினார். "மேடம், இது புள்ளைங்களுக்கு என்னைவிட நல்லா தெரியுது. அடுத்த பாடத்தை எடுங்க" என்றார். அடுத்த பாடம் சுற்றளவும் பரப்பளவும். புத்தகத்தைப் பிரித்தால் உன் தாள். வேறு கதியில்லை. ஆபீஸ் அறையிலிருந்து சணல் உருண்டையைக் கொண்டுவரச் சொல்லி, பதினாறு கட்டம் நீளத்துக்கு நாலு துண்டு வெட்டினேன். எங்கள் வகுப்பறை சிமெண்ட் தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். நாலு குழுவிடமும் கயிற்றைக் கொடுத்து, அந்தக் கோடுகளின் மேல் வைத்து மனை போடச் சொன்னேன்.

ஒரு குழுவின் மனைக்குள் பதினாறு கட்டம் அடங்கியது. அடுத்ததில் பதினைந்து, அதற்கடுத்ததில் பன்னிரண்டு. ஒல்லியாக நீட்டிப் போட்டவர்களுக்கு ஏழுதான். அந்தக் குழுவில் இருந்த பையன், "மிஸ், எங்க கயிறு சின்னது மிஸ்" என்றான். நாலு கயிற்றையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னா மிஸ் இது, கயிறு அதேதான் கீது, எடம் மட்டும் எங்க பூட்ச்சு?" என்று கேட்டான். பதினைந்து வருஷ வேலையில் பரப்பளவைப் பற்றி ஒரு பிள்ளை என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. வகுப்பே தரையில் குந்தி உட்கார்ந்து கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தது. அதிகாரியும் எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து எண்ணினார். கடைசியில் நான் கரும்பலகையில் சூத்திரத்தை எழுதியபோது, அதை ஒருவரும் பார்த்து எழுதவில்லை, "ஆமா மிஸ், ஆமா மிஸ்" என்று கத்தினார்கள். நீ எதற்காக இரண்டு கோடு போட்டாய் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது.

வாசலில் எச்.எம். மேடம் நின்றுகொண்டிருந்தார். அதிகாரி கையைத் தட்டி மண்ணை உதறிக்கொண்டே, "இந்த யோசனை யாரோடது மேடம்?" என்று கேட்டார். என் பொண்ணோடது சார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், என் பாடக்குறிப்பை உன் கையால் எழுத வைப்பது வெளியே வந்துவிடும். "நான்தான் சார் யோசிச்சேன்" என்றேன். மூன்றே வார்த்தை. அதற்குப் பிறகு மற்ற பள்ளி டீச்சர்களுக்கு அதை நடத்திக் காட்டச் சொல்லி வருஷா வருஷம் கூப்பிட்டார்கள். கயிறு டீச்சர் என்று பெயரே வந்துவிட்டது. நீ பிளஸ் ஒன் படிக்கும்போது அப்படி ஒரு பயிற்சியை வந்து பார்த்துவிட்டு, வரும் வழியெல்லாம், "எப்படிம்மா உனக்கு இது தோணுச்சு? நானும் டீச்சர்தான் ஆகப் போறேன்" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும். உன் கண்ணில் நான் பெரியவளாக நிற்பது எனக்குப் பிடித்திருந்தது, வாயைத் திறக்கவில்லை. பிறகு வெள்ளம் வந்த வருஷம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, என் நோட்டுகள், புத்தகங்கள், உன் தாள் எல்லாம் கூழாகிப் போயின. அலமாரியைச் சுத்தம் செய்யும்போது நீ எனக்காக வருத்தப்பட்டாய். நான் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, கண்ணு.

அதனால், நீ யாரைப் பார்த்தும் காப்பி அடிக்கவில்லை. காப்பி அடித்தவள் நான். பன்னிரண்டு வயதில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஒரு பாடத்தில் எது முதலில் வர வேண்டும் எது பிறகு வர வேண்டும் என்று மாற்றி அமைத்தவள் நீ. நீ படிக்கப் போகிறேன் என்று சொல்கிற படிப்பு அதுதானே? எம்.எட். மட்டம் என்று சொல்ல வரவில்லை. நாளைக்கு டீச்சராக வரப்போகிறவர்களுக்குப் பாடம் சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு அது சரியான படிப்பு. தபால் எம்.ஏ.வும் வீட்டையும் வேலையையும் விட முடியாத எத்தனையோ பேருக்குக் கதவைத் திறந்திருக்கிறது. அதைக் கைடு வாங்கிக் கெடுத்தது நான். உனக்கு ஆசை இருந்து எம்.எட். சேர்ந்தால் முதல் நாள் நானே கொண்டுவந்து விடுகிறேன். ஆனால் உனக்குச் சரக்கு இல்லை என்று பயந்துகொண்டு சேராதே. 'என்ன வேலை' என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு கேள்விகளும் தோன்றுகின்றன. அங்கே உன்னைப் பள்ளிக்கூடங்களுக்குள் எத்தனை நாள் அனுப்புவார்கள்? நீ எழுதுகிற பாடத்தை உட்கார்ந்து படித்துத் திருத்துகிறவர்கள் உண்டா? பிற்பாடு பிஎச்.டி. செய்ய வழி இருக்கிறதா? இரண்டு வருஷம் கழித்துத் திரும்பினால் உங்கள் பள்ளி சேர்த்துக்கொள்ளுமா? இதையெல்லாம் நாலு மாதத்துக்கு முன்பே ஒரு அம்மா கேட்டிருக்க வேண்டும்.

ஃபைலை மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். எம்.எட். படிவம் உள்ளேயேதான் இருக்கிறது. கிழித்துப் போடலாமா என்று கை போயிற்று. உன்னுடைய காகிதத்தை ஒருமுறை கிழித்தது போதும் என்று விட்டுவிட்டேன். அதில் கையெழுத்துப் போடுவதும் அதைக் குப்பையில் போடுவதும் உன் இஷ்டம்.

நேற்று காலை என் பழைய பள்ளிக்குப் போனேன். இப்போதைய எச்.எம். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண். அவள் அறையில் மாதிரிப் பாடங்கள் என்று ஒரு ஃபைல் உண்டு, புதிதாக வருகிற டீச்சர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுப்பார்கள். அதில் கயிற்றுப் பாடத்தின் கீழே என் பெயரும், அதற்குக் கீழே இடைநிலை ஆசிரியை என்றும் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். "மிஸ், இதெல்லாம் இப்ப எதுக்கு? யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள். பேனாவைக் கேட்டு வாங்கி என் பெயரை அடித்தேன். பக்கத்தில் உன் பெயரை எழுதினேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. அவள், "பேருக்குக் கீழ என்ன மிஸ் போடறது? அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே" என்று கேட்டாள். 'ஏழாம் வகுப்பு மாணவி' என்று போட்டேன்.

இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்கு எழுத வேண்டும் என்றாய். எதை எழுதினாலும், அந்தப் பேராசிரியை கேட்ட கேள்விக்குப் பதிலை முதலில் எழுது.

அம்மா